பெரியம்மா

அமராவதிப் பாசனத்தால் செழித்த எங்கள் கொமரலிங்கத்தில், நான் சிறுவனாயிருந்தபோது, ஒரு வீட்டில் மூத்தாளும் இளையாளும் இருந்தனர். மூத்தாளுக்கு மகப்பேறில்லை, அதுவே கணவரின் மறுமணத்திற்குக் காரணம். எனினும் இளையாள் ஈன்ற பிள்ளைகளை எண்ணெய் தேய்த்து நீராட்டி வளர்த்தவர் அவரே. ‘பெரியம்மா’ என்று நாங்களும் அழைப்போம். அமெரிக்காவின் யூட்டா பகுதியில் மார்மன் குடும்பங்களிலும் இத்தகைய தாய்மார் இருந்தனர். 1890இல் அத்திருச்சபை பலதார மணத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. சென்னை மாகாணம் 1949இல் இந்துக்களின் இருதார மணத்தைத் தடுத்தது. 1955இல் நாட்டுச் சட்டம் வந்தது. வேண்டிய தடைதான், முன்னரே நடந்த மணங்களை அது தொடவில்லை. ஆனால், ஒரு பெண்ணின் சொத்துக்குரிய ‘மகன்’ என்னும் சொல்லில் சக்களத்தி மகன் அடங்கான் என்று 1987இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணவரின் வாரிசு என்ற முறையிலேயே அவன் உரிமை கோரலாம். எங்கள் பெரியம்மாவுக்குக் கொள்ளி வைத்தவன் இளையாளின் தலைமகன்.