ஆட்டிசமுள்ள குழந்தைகளும் பல் மருத்துவமும்: அணுகுமுறைகளின் வரலாறு

ஆட்டிசம் (மதியிறுக்கம்) உள்ள குழந்தைகளுக்குப் பல் மருத்துவம் செய்யும் முறைகள் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பெரிதும் மாறியுள்ளன. முதலில் குழந்தையை அடக்குவதே வழியாக இருந்தது. பின்னர் குழந்தையை முன்கூட்டியே தயார்ப்படுத்தும் முறைகளும், அண்மைக் காலத்தில் சிகிச்சை அறையையே மாற்றியமைக்கும் முறையும் உருவாயின.

பின்னணி

1943இல் அமெரிக்காவின் பால்ட்டிமோரைச் சேர்ந்த குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர், 11 குழந்தைகளைப் பற்றிய கட்டுரையில் ஆட்டிசத்தை விவரித்தார். வழக்கம் மாறினால் தவிப்பதையும் உரத்த ஒலிக்கு அஞ்சுவதையும் அதில் குறிப்பிட்டார். பல் மருத்துவ அறையில் இவை ஒன்றுசேர்கின்றன. கண்ணைக் கூசும் விளக்கு, துளையிடும் கருவியின் இரைச்சல், மருந்து நெடி, வாய்க்குள் நுழையும் புதியவரின் கை ஆகிய அனைத்தையும் குழந்தை ஒரே நேரத்தில் எதிர்கொள்கிறது. பேச்சு வராத குழந்தையால் பல்வலியைச் சொல்லவும் முடியாது. இதனால் சொத்தை முற்றி, முழு மயக்கம் கொடுத்துச் சிகிச்சை செய்யும் நிலை ஏற்படுவதுண்டு.

அடக்கும் முறைகள்

முரண்டு பிடிக்கும் குழந்தையின் வாயைக் கையால் பொத்தி அமைதிப்படுத்துவது அமெரிக்காவில் நெடுங்காலம் ஏற்கப்பட்டிருந்தது. பட்டைகள் கொண்ட பலகையில் உடலைக் கட்டுவதும் உண்டு. வாய்பொத்தும் முறையை அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவக் கழகம் 2006இல் தன் வழிகாட்டு நெறிகளிலிருந்து நீக்கியது. உடலைக் கட்டும் முறை நிபந்தனைகளுடன் தொடர்கிறது.

தயார்ப்படுத்தும் முறைகள்

1959இல் அடெல்ஸ்டன் என்னும் பல் மருத்துவர் ‘சொல், காட்டு, செய்’ என்ற முறையை முன்வைத்தார். கருவியைப் பற்றி முதலில் சொல்லி, அதைக் காட்டி, பிறகே பயன்படுத்த வேண்டும் என்பது இதன் சாரம். ஆனால் பேச்சைப் புரிந்துகொள்ளத் தடுமாறும் குழந்தைகளுக்கு இது மட்டும் போதவில்லை.

இதற்கான விடை கல்வித்துறையிலிருந்து கிடைத்தது. வட கரோலினாவில் எரிக் ஷாப்ளர் 1972இல் தொடங்கிய திட்டம், படங்களாலும் ஒழுங்கான அட்டவணைகளாலும் கற்பிப்பதைப் பரப்பியது. 1999இல் சுவீடனின் பேக்மன், பிலெப்ரோ இருவரும் இதே வழியைப் பல் மருத்துவத்தில் பின்பற்றினர். மருத்துவமனைக்குள் நுழைவது முதல் நாற்காலியில் வாய் திறப்பது வரை ஒவ்வொரு படியையும் காட்டும் வண்ணப்படப் புத்தகத்தைக் குழந்தைகள் வீட்டிலேயே பார்த்துப் பழகினர்.

அறையை மாற்றுதல்

குழந்தை அடம்பிடிக்கவில்லை, புலன்களின் மிகையுணர்வால் துன்புறுகிறது என்ற புரிதல் அடுத்த மாற்றத்துக்கு வழிவகுத்தது. அமெரிக்க மனநல மருத்துவக் கழகத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு, புலன் தூண்டல்களுக்கான இயல்பு மீறிய எதிர்வினையை ஆட்டிசத்தின் அறிகுறிகளுள் சேர்த்தது. லாஸ் ஏஞ்சலிஸில் 6 முதல் 12 வயது வரையுள்ள 162 ஆட்டிசக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. மங்கிய ஒளி, மெல்லிசை, அணைப்பதுபோல் உடலை இதமாக அழுத்தும் உறை ஆகியவற்றுடன் பற்களைச் சுத்தம் செய்தபோது, வழக்கமான அறையைவிடக் குழந்தைகளின் பதற்றம் குறைந்திருந்தது.

இன்று இவ்விரு வழிகளும் இணைத்தே பயன்படுத்தப்படுகின்றன. முதல் வருகையில் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அனுப்புதல், ஒவ்வொரு முறையும் அதே மருத்துவர், அதே நேரம், கறுப்புக் கண்ணாடி, இரைச்சலைத் தடுக்கும் காதுக்கவசம் போன்ற எளிய ஏற்பாடுகளைச் சிறிய மருத்துவமனைகளிலும் செய்ய இயலும்.