குளிர்நாட்டு லொறிகளும் எண்ணெய் வடிகட்டியும்

போக்குவரத்து வரலாற்றை ஆராய்வோர் வீதிகளையும் பாலங்களையும் பற்றி விரிவாக எழுதுவர். வாகனங்களின் ஆயுளை நிருணயித்த சிறு உறுப்புக்கள் அவர்தம் கவனத்தைப் பெறுவது அரிது. எண்ணெய் வடிகட்டி அத்தகையதோர் உறுப்பாகும். குளிர்நாடுகளிற் பழைய லொறிகளை வைத்திருப்போர், மேலும் நுண்ணிய வடிகட்டியைப் பொருத்தினால் இயந்திரம் நீடித்து உழைக்கும் எனக் கருதுவதுண்டு. இக்கருத்து எத்துணை பொருந்தும் என்பதை வடிகட்டியின் வரலாறு தெளிவாக்குகின்றது.

1908 முதல் 1927 வரை உற்பத்தியான போர்ட் 'ரி' வண்டியில் எண்ணெய்ப் பம்பியும் இல்லை, வடிகட்டியும் இல்லை. எண்ணெயை அடிக்கடி மாற்றுவதே துப்புரவாக அமைந்தது. 1923இல் அமெரிக்கரான ஏர்னஸ்ற் சுவீற்லண்ட் 'பியூறொலேற்றர்' என்னும் வடிகட்டியை ஆக்கினார். மறு ஆண்டு வெளிவந்த கிறைஸ்லர் வண்டி வடிகட்டியுடன் அமைந்தது. பின்வந்த ஆண்டுகளிற் பெரிதும் வழங்கியது பகுதிப்பாய்ச்சல் முறையாகும். எண்ணெயின் சிறு பகுதி மட்டும் வடிகட்டியினூடாகச் சென்று அடித்தொட்டிக்குத் திரும்பும். எஞ்சியது வடிக்கப்படாமலே தாங்கிகளை அடையும். இது குறையே. ஆயினும் வடிகட்டி அடைபட்டாலும் தாங்கிகளுக்கு எண்ணெய் தடைப்படாது என்பது இம்முறையின் சிறப்பு.

இச்சிறப்பின் அருமையை இரண்டாம் உலகப்போர் உணர்த்திற்று. 1941 செப்டெம்பரில் லெனின்கிராட் முற்றுகையிடப்பட்டது. நவம்பர் 22ஆந் திகதி முதலாவது லொறி அணி உறைந்த லடோகா ஏரியின்மேற் புறப்பட்டது. 1942 ஏப்ரில் வரை நீடித்த அப்பாதை வழியாக உணவு உள்ளே வந்தது. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வெளியேறினர். அங்கு பெரிதும் உழைத்தவை போர்ட் மாதிரியைத் தழுவிய ஒன்றரைத் தொன் 'காஸ்' லொறிகளே. கம்பிவலையைத் தவிர எண்ணெயை வடிக்க அவற்றில் எதுவுமில்லை. கடுங்குளிரில் எண்ணெய் இறுகிவிடுமாதலால், இரவில் அதனை வடித்தெடுத்துக் காலையிற் சூடாக்கி ஊற்றுவது சோவியத் சாரதிகளின் வழக்கம். அதே குளிர்காலத்தில் மொஸ்கோவின் முன் நின்ற ஜேர்மானியர் இயந்திரங்களின் அடியில் தீமூட்டியும், எண்ணெயிற் பெற்றோல் கலந்தும் அவற்றை இயக்க முயன்றனர். குளிரில் முதலாவது தேவை எண்ணெயின் தூய்மையன்று, அதன் ஓட்டமே என்பதை இரு தரப்பாரும் அனுபவத்தாற் கண்டனர்.

எனினும் தூய்மையைப் புறக்கணிக்கவும் இயலாது. 1942இல் அமெரிக்கப் படையினர் கனடாவூடாக அலாஸ்கா நெடுஞ்சாலையை அமைத்தபோது, கடுங்குளிரில் மீண்டும் இயக்க முடியாது போய்விடுமென அஞ்சி இயந்திரங்களை இரவு முழுவதும் ஓடவிட்டனர். போதிய வெப்பமின்றி ஓடும் இயந்திரத்தில் எரியாத எரிபொருளும் நீராவியும் முசலங்களைக் கடந்து எண்ணெயிற் கலந்து சேறாகின்றன. அச்சேறு வடிகட்டியை அடைக்கும்.

1950களில் எண்ணெய் முழுவதையும் வடிக்கும் முழுப்பாய்ச்சல் முறை பரவியது. அதில் ஒரு காப்பு வால்வும் இடம்பெற்றது. குளிரால் இறுகிய எண்ணெய் வடிதாளைக் கடக்க இயலாதபோது அவ்வால்வு திறந்து, வடிக்கப்படாத எண்ணெயைத் தாங்கிகளுக்கு அனுப்பும். வடிதாள் நுண்ணியதாகுமளவுக்குத் தடை மிகும். வால்வும் நெடுநேரம் திறந்திருக்கும். ஆகவே, தூய்மையை நாடி நுண்ணிய தாளைப் பொருத்தியவர் குளிர்காலக் காலைப்பொழுதில் வடிக்கப்படாத எண்ணெயையே கூடுதலாகப் பெறுகின்றார். இம்முரண்பாட்டைப் பெருமளவு தணித்தது புதிய வடிகட்டியன்று. அதே பத்தாண்டிற் பரவிய, குளிரிலும் இளகி ஓடும் பல்தர எண்ணெயே.

இவ்வரலாறு பழைய லொறிக்குரிய தெரிவின் ஒழுங்கையும் காட்டுகின்றது. முதலில் இயந்திரம் ஏற்கக்கூடிய, குளிரில் ஓடும் எண்ணெயும், இயக்குமுன் இயந்திரத்தைச் சூடாக்கும் ஏற்பாடும் வேண்டும். அடுத்து, பரந்த வடிபரப்பும் உரிய அமுக்கத்தில் திறக்கும் வால்வும் கொண்ட வடிகட்டி வேண்டும். நுண்ணிய வடிப்பு அதற்கு மாற்றாகவன்றி, பழைய பகுதிப்பாய்ச்சல் முறையிலேயே துணையாகச் சேர்க்கப்படல் தகும். நுண்கரி மிகும் டீசல் இயந்திரங்களுக்கு இது பெரிதும் பயன்படும். பகுதிப்பாய்ச்சலுக்கெனவே ஆக்கப்பட்ட இயந்திரத்தை அதன் எண்ணெய் வழிகளை ஆராயாது முழுப்பாய்ச்சலுக்கு மாற்றுவது ஆபத்தானது.

குறையுடையதென ஒதுக்கப்பட்ட முறையொன்று துணைக்கருவியாக மீண்டும் இடம்பெறுவது நோக்கற்பாலது. தொழினுட்ப வளர்ச்சியிற் பழையன யாவும் கழிவதில்லை. தமக்குரிய இடத்தை அவை பிந்தியே கண்டடைகின்றன எனலாம்.