ஒரு வாக்காளருக்கு 109 ரூபா: ஜனாதிபதித் தேர்தலில் பணமும் கட்சிக் கிளையும்

எமது நாட்டில் ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிடுவதற்கான கட்டுப்பணம், அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு 50,000 ரூபா. சுயேச்சையாக நிற்பவருக்கு 75,000 ரூபா. 1981ஆம் ஆண்டின் சட்டம் விதித்த தொகை இது. அன்று அது பெரிய பணம். இன்று நடுத்தரமான ஒரு கைத்தொலைபேசியின் விலை. 2024இல் வாக்குச்சீட்டு அவ்வளவு நீளமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

குடியியற் கல்விப் பாடத்தில் கட்டுப்பணத்தைச் சொல்லி முடித்ததும் மாணவர்கள் கேட்கும் அடுத்த கேள்வி, "அப்படியானால் கோடிக் கணக்கில் செலவு என்கிறார்களே, அது எங்கே போகிறது?" என்பதுதான். அண்மைக்காலம் வரை இதற்குச் சட்டத்தில் பதில் இருக்கவில்லை. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம் வந்த பின்னர்தான் வேட்பாளர் எவ்வளவு செலவிடலாம், யாரிடம் வாங்கக் கூடாது, எப்போது கணக்குக் காட்ட வேண்டும் என்பன எழுத்தில் வந்தன. வெளிநாட்டு அரசாங்கங்கள், வெளிநாட்டுக் கம்பனிகள், தம்மை அடையாளப்படுத்தாதவர்கள் ஆகியோரிடம் நன்கொடை பெற முடியாது. பெறுபேறு வெளியாகி 21 நாட்களுக்குள் வரவு செலவு அறிக்கை சமர்ப்பிக்க வேண்டும்.

2024 செப்டெம்பர் 21 தேர்தலுக்குத் தேர்தல்கள் ஆணைக்குழு நிர்ணயித்த உச்ச வரம்பு, ஒரு வாக்காளருக்கு 109 ரூபா. பதிவு செய்யப்பட்ட வாக்காளர்கள் 1 கோடியே 71 இலட்சத்து 40 ஆயிரத்து 354 பேர். பெருக்கிப் பார்த்தால் ஒரு வேட்பாளருக்கு 186 கோடி ரூபாவுக்கு மேல் வரும்.

பின்னர் சமர்ப்பிக்கப்பட்ட கணக்குகள்தான் சுவாரசியமானவை. பிரதான மூவரில் அதிகம் செலவிட்டதாகக் காட்டியவர் சஜித் பிரேமதாச, 110 கோடிக்கு மேல். ரணில் விக்கிரமசிங்க 90 கோடிக்கு மேல். வென்ற அநுரகுமார திசாநாயக்க காட்டியது 50 கோடியைச் சற்றுத் தாண்டிய தொகை. பெற்ற வாக்குகளால் வகுத்தால் ஒரு வாக்குக்கு ரணிலுக்கு ஏறத்தாழ 400 ரூபா, சஜித்துக்கு 250 ரூபா, அநுரவுக்கு நூறுக்கும் குறைவு.

இதை வைத்துக்கொண்டு "பணத்தால் தேர்தலை வெல்ல முடியாது" என்று சொல்வோர் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இந்தக் கணக்கு விளம்பரத்தையும் மேடையையும் காட்டும். இரண்டு வருடங்களாக இரவில் கூடிய கிராமக் கூட்டங்களையோ, சம்பளமின்றி வீடு வீடாகப் போனவரின் நேரத்தையோ அது காட்டாது.

2019இல் அநுரகுமார பெற்றது 4,18,553 வாக்குகள், 3.16 வீதம். 2024இல் முதலாவது எண்ணிக்கையில் 56,34,915. இடையில் 2022 பொருளாதார நெருக்கடி வந்தது உண்மை. ஆனால் மக்களின் கோபம் தானாக ஒரு கட்சியின் பெட்டியில் விழுவதில்லை. 2023 மார்ச் 9இல் நடைபெறவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் நிதியில்லை என்று பிற்போடப்பட்டது. அதற்காக வட்டாரம் வட்டாரமாக நிறுத்தப்பட்ட வேட்பாளர்களைத் தேசிய மக்கள் சக்தி கலைந்து போக விடவில்லை. மாவட்டந்தோறும் பெண்கள் மாநாடு, ஓய்வுபெற்ற முப்படையினர், தொழில்வல்லுநர்கள் என்று தனித்தனி அமைப்புகளைக் கட்டினார்கள். தலைவர் கனடாவுக்கும் லண்டனுக்கும் சென்று அங்குள்ள இலங்கையரைச் சந்தித்தார். அவர்கள் அங்கிருந்து வாக்களிக்க முடியாது. ஆனாலும் ஊரிலிருக்கும் குடும்பத்துக்குத் தொலைபேசி எடுக்க முடியும், உதவவும் முடியும்.

மொட்டுக் கட்சியும் இதே வழியில்தான் வந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 2016இல் உருவாகி, 2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலில் 200க்கும் மேற்பட்ட சபைகளில் முதலிடம் பெற்று, அந்தக் கிளைகளின் மேல் நின்றே 2019இல் கோட்டாபய ராஜபக்ஷ வென்றார். ரணில் 2024இல் எரிவாயு சிலிண்டர் சின்னத்தில் சுயேச்சையாக நின்றார். பாராளுமன்ற உறுப்பினர்கள் பலர் பக்கத்தில் இருந்தார்கள், அவர்களுக்குக் கீழே இருந்த கிளைகள் கலைந்து போயிருந்தன.

வாக்கெடுப்பு நிலையக் கடமைக்குப் போகும் ஆசிரியர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 13,400க்கும் அதிகமான நிலையங்களில் காலை முதல் மாலை வரை முகவரை இருத்துவது இலேசான காரியமல்ல. ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டிய கட்சியின் முகவர் பகலுணவுக்கு எழுந்து போய்த் திரும்பாததையும், இடாப்பில் வந்தவர்களை ஒவ்வொருவராகக் கோடிட்டபடி அசையாமல் இருந்த முகவரையும் ஒரே மேசையில் கண்டிருக்கிறேன்.

இனி எமது ஊர்களுக்கு வருவோம். 2024 செப்டெம்பரில் திகாமடுல்ல, மட்டக்களப்பு, திருகோணமலை மூன்றிலும் சஜித்தே முதலிடம். அவருடைய கட்சியின் கிளைகள் அங்கே பலமாக இருந்ததால் அல்ல. முஸ்லிம் காங்கிரஸ், மக்கள் காங்கிரஸ், தமிழரசுக் கட்சி ஆகியவற்றின் கிளைகள் அவருக்காக வேலை செய்தன. அதாவது எமது கட்சிகள் தேசிய வேட்பாளருக்குத் தமது அமைப்பை இரவல் கொடுக்கின்றன. இரண்டு மாதங்களில், நவம்பர் 14 பொதுத் தேர்தலில், இம்மூன்றில் மட்டக்களப்பைத் தவிர மற்ற இரண்டையும் தேசிய மக்கள் சக்தி வென்றது.

இரவல் கொடுப்பது பிழை என்று நான் சொல்லவில்லை. 1988இல் மர்ஹூம் அஷ்ரப், பிரேமதாசவுக்கு ஆதரவளித்தபோது கேட்டது விகிதாசாரத் தேர்தலின் வெட்டுப்புள்ளியை 12.5 வீதத்திலிருந்து 5 வீதமாகக் குறைக்குமாறு. அது அரசியலமைப்பின் 15ஆவது திருத்தமாயிற்று. நாடெங்கும் உள்ள சிறிய கட்சிகள் இன்றுவரை அதன் பயனை அனுபவிக்கின்றன. அதன் பிறகு நடந்த பேரங்களில் அமைச்சுப் பதவிகள் நினைவுக்கு வரும் அளவுக்கு இப்படியொரு சட்டம் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

தேர்தல் வந்தால் எமது வர்த்தகர்களிடம் எல்லாத் தரப்பும் நிதி கேட்டு வரும். பயத்தில் இரண்டு பக்கமும் கொடுப்பவர்கள் உண்டு. கொடுப்பவர் பற்றுச்சீட்டுக் கேட்கலாம். வேட்பாளர் சமர்ப்பித்த அறிக்கையைப் பொதுமக்கள் பார்வையிடவும் சட்டம் இடமளிக்கிறது. தாம் கொடுத்த பணம் அதில் நன்கொடையாகப் பதிவாகியிருக்கிறதா என்று ஊருக்கு ஒருவராவது போய்ப் பார்த்தால், அடுத்த முறை நிதி கேட்டு வருபவர் கொஞ்சம் யோசித்துத்தான் வருவார்.