ஆணி, கிராம்பு, கார்னேஷன்: ஓவியத்தில் உள்ள பூவை எப்படி வாசிப்பது?



ஓர் ஓவியத்தைக் கொடுத்து, "இதிலிருந்து என்ன அறிகிறீர்கள்?" என்று கேட்டால், நம்ம பிள்ளைகள் ஆட்களையும் உடையையும் கட்டடத்தையும் பற்றி எழுதுவார்கள். ஓரத்தில் இருக்கும் பூவை விட்டுவிடுவார்கள். அது அலங்காரம்தானே என்று நினைப்பு. ஆனால் ஐரோப்பாவில் 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் வரையப்பட்ட கிறிஸ்தவ ஓவியங்களில் பூவும் இலையும் பேசும். படிக்கத் தெரியாத மக்களும் அந்தப் பேச்சைப் புரிந்துகொண்டார்கள்.

இது நமக்குப் புதிதல்ல. வெட்சி சூடினால் ஆநிரை கவர்தல், கரந்தை சூடினால் அதை மீட்டல், வாகை சூடினால் வெற்றி என்று புறத்திணையில் படிக்கிறோம். முல்லை என்றாலே காத்திருத்தல் நினைவுக்கு வருகிறது. அந்தப் பழக்கத்தோடு ஐரோப்பிய ஓவியத்தைப் பாருங்கள். பாதி வேலை முடிந்தது.

அடிக்கடி வரும் செடிகள்

- வெள்ளை லீலி: தூய்மை. கன்னி மரியாளுக்கு உரியது.
- ரோஜா: மரியாளின் அன்பு. ஸ்டெஃபன் லோஹ்னரும் (ஏறக்குறைய 1440), மார்ட்டின் ஷோன்கௌவரும் (1473) மரியாளை ரோஜாக் கொடிகளுக்கு நடுவே அமர்த்தினார்கள்.
- வயலட்: பணிவு. தரையோடு தாழ்ந்து பூப்பதால்.
- ஐரிஸ்: தாயின் துயரம். அதன் இலை வாள்போல் இருக்கும். மரியாளின் உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும் என்று விவிலியம் சொல்கிறது.
- ஈச்ச ஓலை: மறைசாட்சிகளின் வெற்றி. ரோமானியர்களின் வெற்றிச் சின்னத்தைக் கிறிஸ்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நம் வாகைக்கு இணையானது. தமிழ்நாட்டில் அதுவே தென்னங்குருத்தாகி, 'குருத்தோலை ஞாயிறு' என்ற பெயரும் வந்தது.

பட்டியலை மட்டும் நம்பாதீங்க

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். லீலி = தூய்மை என்று மனப்பாடம் செய்துவிட்டால் போதாது.

பாச்சாங்கிலிருந்து நகரத்துக்குப் போனால் செயின்ட் பால் குன்று. அதன் மேல் 1521-இல் துவார்த்தே கொயேலியோ என்ற போர்த்துகீசியர் ஒரு சிற்றாலயம் கட்டி, மங்கள வார்த்தை மாதாவின் பெயரைச் சூட்டினார். வானதூதர் கபிரியேல் மரியாளிடம் செய்தி சொன்ன நிகழ்ச்சிதான் 'மங்கள வார்த்தை'. இன்று அங்கே கூரையில்லாத சுவர்களும் பழைய கல்லறைக் கற்களும்தான் இருக்கின்றன. ஆனால் அதே நிகழ்ச்சியை ஐரோப்பாவில் எத்தனையோ ஓவியர்கள் வரைந்தார்கள். பெரும்பாலும் கபிரியேலின் கையில் லீலி இருக்கும்.

1333-இல் சியேனா நகரப் பேராலயத்துக்காக சிமோனே மார்த்தீனி வரைந்ததைப் பாருங்கள். தூதரின் கையில் இருப்பது ஒலிவக் கிளை! லீலி நடுவில் ஒரு சாடியில் நிற்கிறது. ஏன்? லீலி ஃப்ளோரன்ஸ் நகரத்தின் சின்னம். ஃப்ளோரன்ஸ் சியேனாவின் பழைய பகை நகரம். அதனால்தான் தூதர் கையில் அதைக் கொடுக்கவில்லை என்பது கலை வரலாற்றாளர்கள் தரும் விளக்கம். பக்தி ஓவியத்துக்குள் ஊர் அரசியல் புகுந்துவிட்டது.

மூன்று சிவப்புப் பூக்களும் மலாக்காவும்

ஏறக்குறைய 1475-இல் ஹூகோ வான் டெர் ஹூஸ் என்ற ஃப்ளெமிஷ் ஓவியர், இயேசு பிறப்பைக் காட்டும் பெரிய பீட ஓவியம் ஒன்றை முடித்தார். மெடிசி வங்கியின் புரூஜ் கிளையை நடத்திய தொம்மாசோ போர்த்தினாரி கேட்டு வரைந்தது. இப்போது ஃப்ளோரன்ஸில் உள்ளது. குழந்தைக்கு முன்னே தரையில் ஒரு கண்ணாடிக் குவளை. அதில் மூன்று சிவப்பு கார்னேஷன் பூக்கள்.

பிறந்த குழந்தைக்கு முன்னால் ஏன் இந்தப் பூ? கார்னேஷனின் மணம் கிராம்பின் மணம். கிராம்பின் வடிவம் ஆணியின் வடிவம். போர்த்துகீசிய மொழியில் 'கிராவோ' என்ற ஒரே சொல் ஆணி, கிராம்பு, கார்னேஷன் மூன்றையும் குறிக்கும். ஜெர்மானியரின் 'நெல்கே' என்ற சொல்லும் 'சிறு ஆணி' என்பதிலிருந்து வந்து, பூவுக்கும் கிராம்புக்கும் பொதுவாக நிற்கிறது. நம் சீன அண்டை வீட்டார் கிராம்பைச் சொல்லும் 'டிங் சியாங்' என்ற பெயரிலும் ஆணிதான் இருக்கிறது. ஆக, மூன்று சிவப்புப் பூக்கள் சிலுவையின் மூன்று ஆணிகள். தொட்டிலிலேயே சாவு காட்டப்பட்டுவிட்டது.

இப்ப ஆண்டைக் கவனியுங்கள். 1475-இல் மலாக்காவை ஆண்டவர் சுல்தான் மன்சூர் ஷா (1459–1477). மாலுக்குத் தீவுகளில் மட்டுமே விளைந்த கிராம்பு, நம்ம துறைமுகத்தில் கை மாறி, குஜராத்திகள், தமிழர்கள், அரபுகள் வழியாக மேற்கே போனது. ஐரோப்பியன் தன் கடவுளின் பாடுகளை நினைத்துக்கொண்ட அந்த வாசனை, மலாக்காவைத் தாண்டி வந்த வாசனை. ஒரு தலைமுறை கழித்து, 1511-இல், போர்த்துகீசியக் கப்பல்கள் இங்கே வந்ததற்கு அந்த வாசனைப் பொருள் வணிகம் ஒரு முக்கியக் காரணம். இதை எழுதினால் ஒரே விடையில் கலை, மொழி, வணிகம் மூன்றும் சேரும்.

ஆனால் எல்லா கார்னேஷனும் ஆணி அல்ல. அதே காலத்து மணமக்கள் ஓவியங்களில் கையிலிருக்கும் கார்னேஷன் நிச்சயதார்த்தத்தைக் குறிக்கும்.

விடை எழுதும்போது கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

1. செடி யார் கையில், எந்த இடத்தில் இருக்கிறது?
2. ஓவியம் எந்த ஊரில், யாருக்காக, எப்போது வரையப்பட்டது?
3. அந்த மக்களின் மொழியில் அந்தச் செடியின் பெயர் என்ன?

வகுப்பறைப் பயிற்சி

மலாக்கா மாநிலச் சின்னத்தில் ஒரு மரம் நிற்கிறது. பரமேஸ்வரா நிழலுக்கு ஒதுங்கியதாகச் சொல்லப்படும் மலாக்கா மரம் அது. நாம் நெல்லி என்போம். நமக்கோ நெல்லி என்றதும் அதியமான் ஔவைக்குக் கொடுத்த கனிதான் நினைவுக்கு வரும். மரம் ஒன்று, பொருள் இரண்டு. மேலே உள்ள மூன்று கேள்விகளையும் கேட்டு, ஏன் இந்த வேறுபாடு என்று 10 வரிகளில் எழுதச் சொல்லுங்கள்.