வாகன நெரிசல்: புள்ளியியல் இயற்பியல் நோக்கு

சாலையில் செல்லும் வண்டிகளை ஒன்றையொன்று பாதிக்கும் துகள்களாகக் கொண்டு, அவற்றின் கூட்டு நடத்தையைக் கணக்கிடும் துறை இது. பொங்கலுக்கு முந்தைய இரவில் ஜி.எஸ்.டி. சாலையில் பரனூர் சுங்கச்சாவடி வரை வண்டிகள் ஊர்வதும், செங்கல்பட்டைத் தாண்டியதும் பறப்பதும் இத்துறை விளக்க முனையும் நிகழ்வுகள்.

அடர்த்தி கூடினால் வேகம் குறையும் என்பதை அளந்து காட்டியவர் அமெரிக்கரான புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ் (1935). கணிதவியலாளர்களான லைட்ஹில்லும் விட்ஹமும் 1955-இல் இரட்டைக் கட்டுரைகளை வெளியிட்டனர். முதலாவது ஆற்று வெள்ளத்தைப் பற்றியது. இரண்டாவது நெரிசல் மிகுந்த சாலையைப் பற்றியது. மாமண்டூரில் பாலாற்று வெள்ளத்துக்கும், அதன் மேல் பாலத்தில் போகும் வண்டிகளுக்கும் ஒரே வகைச் சமன்பாடு என்பதே இதன் பொருள். வாயுக்களின் இயக்கக் கொள்கையைச் சாலைக்குக் கொண்டுவந்த பிரிகோஜினும் ஹெர்மனும் 1971-இல் நூல் எழுதினர்.

துறை விரிவடைந்தது 1992-க்குப் பின்னர்தான். ஜெர்மனியின் நாகெலும் ஷ்ரெக்கென்பெர்க்கும் சாலையை 7.5 மீட்டர் கட்டங்களாகப் பிரித்தனர். கட்டத்துக்கு ஒரு வண்டி, விதிகள் நான்கே. முடிந்தால் வேகம் கூட்டு, முன்வண்டி நெருங்கினால் குறை, சில வேளை காரணமின்றியும் குறை, பிறகு நகர். மூன்றாவது விதியே மாதிரியின் உயிர். விபத்தோ பள்ளமோ இல்லாமலே நெரிசல் பிறப்பதை அது காட்டியது. 2008-இல் சுகியாமா குழுவினர் ஜப்பானில் இதை நேரிலேயே காட்டினர். 230 மீட்டர் வட்டத்தில் 22 கார்களைச் சீராக ஓட்டச் சொன்னார்கள். சற்று நேரத்தில் சில கார்கள் நின்றன; அந்த நெரிசல் அலை பின்னோக்கி நகர்ந்தது.

போக்குவரத்துக்கு எத்தனை நிலைகள் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. போரிஸ் கெர்னர் மூன்று என்கிறார். வேறு பலர் பழைய மாதிரிகளே போதும் என்கின்றனர்.

இந்தியப் பங்களிப்பில் கான்பூர் ஐ.ஐ.டி.யின் தேபாசிஷ் சௌத்ரி குறிப்பிடத்தக்கவர். சான்டன், ஷாட்ஷ்னைடர் ஆகியோருடன் 2000-இல் அவர் எழுதிய தொகுப்புக் கட்டுரை மட்டுமே 131 பக்கம். பின்னர் எறும்புச் சாரையையும் இதே கணக்கில் ஆராய்ந்தார். 2009-இல் இவர்கள் குழு வெளியிட்ட அவதானிப்பின்படி, எவ்வளவு நெருங்கி ஊர்ந்தாலும் எறும்புகளிடம் நெரிசல் நிலை தென்படவில்லை.

தமிழ்நாட்டுச் சாலைகள் இந்த மாதிரிகளுக்கு வேறொரு சிக்கலை வைத்தன. இங்கே தடக்கோடு பெயருக்குத்தான். பைக், ஆட்டோ, பேருந்து, லாரி எல்லாம் கிடைத்த இடைவெளியில் நுழையும். சென்னை ஐ.ஐ.டி.யின் தமிழ் அரசன், கோஷியுடன் சேர்ந்து 2005-இல் வெளியிட்ட மாதிரியில், சாலையின் முழு அகலமும் ஒரே பரப்பு. கட்டத்தின் அளவு 10 சென்டிமீட்டர். ஏழரை மீட்டரிலிருந்து பத்து சென்டிமீட்டருக்கு இறங்கியதில் பைக்குக்கும் உரிய இடம் கிடைத்தது. கனகராஜ், கௌரி அசைதம்பி முதலானோர் சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலத்தில் வீடியோ எடுத்து, சுமார் 3,000 வண்டிகளின் பாதைகளைப் பிரித்தெடுத்து 2015-இல் வெளியிட்டனர். கலப்புப் போக்குவரத்தை ஆய்வோர் இத்தரவைப் பயன்படுத்துகின்றனர்.

மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் இதே கலப்புதான்.