வெயில் தரும் பசி: நோயில் படுத்த தாடி ஓணானுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு

பியர்டட் டிராகன் என்று ஒரு ஆஸ்திரேலியப் பல்லி இருக்கிறது. பேரைக் கேட்டு மிரள வேண்டாம். நம்ம ஊர் வேலியில் உட்கார்ந்து தலையாட்டும் ஓணானும் இதுவும் ஒரே குடும்பம், அகாமிடே. தலை முதல் வால் நுனி வரை ஒன்றரை அடி, மிஞ்சினால் இரண்டடி. கோபம் வந்தால் தொண்டைக்குக் கீழே உள்ள முள் செதில்களை உப்பிக் கறுப்பாக்கிக் காட்டும். அதனால் இந்தக் கட்டுரையில் 'தாடி ஓணான்' என்றே சொல்லப்போகிறேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதை என்று நாம் சொல்வோம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஏகப்பட்ட பேர் இதை ஆசையாக வீட்டுக்குள்ளேயே விட்டு வளர்க்கிறார்கள்.

வளர்ப்பவர்களுக்கு வருகிற பெரிய தலைவலி ஒன்று உண்டு. குடல் ஒட்டுண்ணியோ, வாய்ப்புண்ணோ, நுரையீரல் தொற்றோ வந்து ஓணான் படுத்துவிடும். மருந்து கொடுத்தாச்சு, நோயும் கட்டுக்குள் வந்தாச்சு. ஆனாலும் சாப்பிடாது. மூக்குக்கு முன்னால் புழுவை ஆட்டினால் கண்ணை மூடிக்கொள்ளும். பயந்துபோய் வாயைத் திறந்து எதையாவது உள்ளே தள்ளப் பார்ப்பார்கள்.

ஊர்வன வைத்தியம் தெரிந்த ஒரு கால்நடை மருத்துவரிடம் போனால், "என்ன சாப்பாடு கொடுக்கறீங்க?" என்று கேட்பதற்கு முன்னாலேயே "வெயில் காயற இடத்துல எத்தனை டிகிரி இருக்கு?" என்று கேட்பார். சாப்பாட்டுப் பிரச்சினைக்கும் தெர்மாமீட்டருக்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கேள்வி லண்டனில் ஒரு மிருகக்காட்சிசாலை, கலிஃபோர்னியாவில் ஒரு பாலைவனம், மிச்சிகனில் ஒரு ஆய்வகம் என்று சுற்றி, கிட்டத்தட்ட நூறு வருஷம் நடந்து வந்திருக்கிறது.

திணித்த காலம்

உலகின் முதல் ஊர்வன இல்லம் 1849-ல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் திறக்கப்பட்டது. அன்றைய கணக்கு எளிமையானது. வெப்பநாட்டுப் பிராணி என்றால் அறையைச் சூடாக வை, இரையைப் போடு. சாப்பிட்டால் நல்லது, சாப்பிடாவிட்டால் திணி. பெரிய மலைப்பாம்பு பட்டினி கிடந்தால் பல ஆட்கள் சேர்ந்து பிடித்துக்கொள்ள, இரையைத் தொண்டைக்குள் தள்ளுவது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை சகஜமான வேலை.

இதைக் கொடுமை என்று ஒதுக்கிவிட முடியாது. அக்கறையில் செய்ததுதான். ஆனால் அதன் அடியில் ஒரு அனுமானம் இருந்தது: சாப்பிடாததுதான் நோய், எனவே சாப்பாடுதான் மருந்து. சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தத் தப்பு பழக்கமானது. பிழை திரையில் தெரிகிறது என்பதற்காகத் திரையைப் போட்டுத் தட்டிக்கொண்டே இருப்போம். கோளாறு மின்சார இணைப்பில் இருக்கும்.

ஜோன் ப்ராக்டரின் வெயில் திட்டுகள்

இந்த அனுமானத்தை முதலில் அசைத்தவர்களில் ஒருவர் ஜோன் ப்ராக்டர். 1897-ல் லண்டனில் பிறந்தவர். சின்ன வயதிலிருந்தே பல்லி, பாம்பு வளர்த்தவர். பள்ளிக்கூடத்துக்கு ஒரு முதலைக் குட்டியைக் கொண்டுபோனவர். நாள்பட்ட குடல் நோய் அவரை விடாமல் துரத்தியது, அதனால் பல்கலைக்கழகப் படிப்புக்குப் போக முடியவில்லை. ஆனாலும் 1923-ல் லண்டன் மிருகக்காட்சிசாலையின் ஊர்வனப் பிரிவுக்குப் பொறுப்பாளர் ஆனார்.

அவர் திட்டமிட்ட புதிய ஊர்வன இல்லம் 1927-ல் திறக்கப்பட்டது. கட்டடம் முழுவதையும் ஒரே சூட்டில் வைக்காமல், ஒவ்வொரு கூண்டிலும் மின்சாரத்தால் வெவ்வேறு அளவு வெப்பம் தரும் ஏற்பாடு செய்தார். ஒரு மூலையில் பாறை சுடும், இன்னொரு மூலை குளிர்ச்சியாக இருக்கும். எங்கே இருப்பது என்பதை விலங்கே முடிவு செய்துகொள்ளலாம். புற ஊதாக் கதிரைத் தடுக்காத சிறப்புக் கண்ணாடியும் போட்டார். சாதாரண ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், ஆனால் எலும்புக்குத் தேவையான வைட்டமின் டி-யை உருவாக்கும் அந்தக் கதிரை நிறுத்திவிடும். ரிக்கெட்ஸ் வந்த குழந்தைகளைப் புற ஊதா விளக்கால் குணப்படுத்தலாம் என்று கர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி பெர்லினில் காட்டியது 1919-ல்தான். எட்டே வருஷத்தில் அந்த அறிவு பல்லிக் கூண்டுக்கு வந்துவிட்டது.

அதே ஆண்டு லண்டனுக்கு இரண்டு கொமோடோ டிராகன்கள் வந்தன. அதில் சும்பாவா என்ற ஒன்று ப்ராக்டரிடம் நாய்க்குட்டி மாதிரிப் பழகிவிட்டது. 1928 அக்டோபரில் நடந்த ஒரு அறிவியல் கூட்டத்துக்கு அதையே நேரில் கொண்டுவந்து, அத்தனை பேர் முன்னால் கையாலேயே தீனி கொடுத்தார். மனிதனைத் தின்னும் பூதம் என்று பத்திரிகைகள் வர்ணித்த பிராணி அது. 1931-ல் ப்ராக்டர் இறந்தார். வயது 34.

பாலைவனத்தில் தெர்மாமீட்டர்

ப்ராக்டர் அனுபவத்தால் செய்ததற்கு எண்களைக் கொடுத்தவர்கள் ரேமண்ட் கௌல்ஸ், சார்லஸ் போகர்ட் என்ற இருவர். கௌல்ஸ் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் பேராசிரியர். போகர்ட் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவர். கோச்செல்லா பள்ளத்தாக்கில் பாலைவனப் பல்லிகளையும் பாம்புகளையும் அடைப்புகளில் விட்டு, நாள் முழுவதும் அவற்றின் உடல் வெப்பத்தை அளந்தார்கள். முடிவுகள் 1944-ல் வெளிவந்தன.

அதுவரை 'குளிர் ரத்தப் பிராணி' என்ற சொல்தான் எல்லோர் தலையிலும். வெளியே என்ன சூடோ அதுதான் உள்ளேயும் என்று நினைத்தார்கள். தெர்மாமீட்டர் வேறு கதை சொன்னது. பல்லி வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறி நகர்ந்து தன் உடலை ஒரு குறுகிய வெப்ப எல்லைக்குள் வைத்துக்கொள்கிறது. அந்த எல்லை இனத்துக்கு இனம் வேறு. சில டிகிரி தாண்டினாலே உயிர் போய்விடும். நம் உடலுக்குள் வேலை செய்யும் தெர்மோஸ்டாட்டை அது கால்களால் இயக்குகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பசிக்கு வருவோம். செரிமான நொதிகள், குடலின் அசைவு, நோய் எதிர்ப்பு எல்லாமே அந்த வெப்ப எல்லைக்குள் இருக்கும்போதுதான் ஒழுங்காக வேலை செய்யும். குளிர்ந்த பல்லிக்கு உணவைத் திணித்தால் அது செரிக்காமல் வயிற்றிலேயே அழுகும். ஆக, குளிர்ந்த பல்லி வாயை மூடிக்கொள்வது பிடிவாதம் இல்லை. அடுப்பே பற்றாத வீட்டுக்கு அரிசி எதற்கு?

பல்லிக்கும் காய்ச்சல் வரும்

அடுத்த திருப்பம் 1974-ல். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மேத்யூ க்ளூகரின் குழு, அமெரிக்கப் பாலைவன இகுவானாக்களுக்குப் பாக்டீரியாவை ஊசி மூலம் செலுத்தி, ஒரு பக்கம் சூடும் மறு பக்கம் குளிர்ச்சியுமாக இருந்த பெட்டியில் விட்டது. நோயுற்றவை வழக்கத்தைவிட ஏறக்குறைய 2 டிகிரி கூடுதல் சூட்டைத் தேடிப் போய் உட்கார்ந்தன. அதாவது, பல்லி நடந்து போய்க் காய்ச்சலை வாங்கிக்கொள்கிறது!

1975-ல் அடுத்த சோதனை. உயிருள்ள பாக்டீரியா செலுத்திய பல்லிகளை 34 முதல் 42 டிகிரி வரை வெவ்வேறு வெப்பங்களில் நகர முடியாமல் வைத்தார்கள். குறைந்த வெப்பத்தில் இருந்தவை வேகமாகச் செத்தன. காய்ச்சல் அளவான 40 டிகிரியில் பெரும்பாலானவை பிழைத்தன. 42-ல் தொற்று அடங்கினாலும் சூடே கொல்ல ஆரம்பித்தது. 1976-ல் காய்ச்சல் குறைக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, உடல் வெப்பத்தை உயர்த்த முடியாமல் போனவை இறந்தன.

காய்ச்சல் நோயின் பக்கவிளைவு மட்டுமில்லை, உடலின் ஆயுதமும்கூட என்பதற்கு மருத்துவப் பாடங்களில் இன்றும் இந்தப் பல்லிகளைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். வீட்டில் ஓணான் வளர்ப்பவருக்கு இதன் அர்த்தம் நேரடியானது. நோயிலிருந்து மீளும் பல்லிக்குச் சூடான மூலை இல்லையென்றால், அதன் ஆயுதத்தையே பிடுங்கி வைத்துவிட்டோம் என்று பொருள்.

லங்கணம் எப்போது மருந்து?

'லங்கணம் பரம ஔஷதம்' என்று நம் பாட்டிகள் சொல்லியிருப்பார்கள். அதற்கும் ஒரு சோதனை உண்டு. 1979-ல் அமெரிக்காவில் முர்ரே என்ற இரு ஆய்வாளர்கள் லிஸ்டீரியா பாக்டீரியா தொற்றிய எலிகளுக்குக் குழாய் வழியாக வலுக்கட்டாயமாக முழு உணவு கொடுத்தார்கள். தாமாகப் பட்டினி கிடந்த எலிகளைவிட இவை அதிகம் செத்தன. நோய் நேரத்தில் பசி அடங்குவதும் தற்காப்பாக இருக்கலாம் என்ற எண்ணம் அங்கிருந்து வலுத்தது. ஆனால் 2016-ல் யேல் பல்கலைக்கழக ஆய்வு ஒரு கொக்கி போட்டது: பாக்டீரியா தொற்றில் உணவு கெடுதல் செய்தது, ஃப்ளூ வைரஸ் தொற்றில் உணவே காப்பாற்றியது. பாட்டி சொன்னது பாதி உண்மை.

தொற்று போன பிறகும் பசி திரும்பாவிட்டால்? அங்கேதான் பட்டினி தற்காப்பு என்ற நிலையிலிருந்து ஆபத்தாக மாறுகிறது. அப்போதும் ஒரேயடியாக ஊட்டக்கூடாது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் சிலர் திடீரென்று நிறையச் சாப்பிட்டதாலேயே இறந்தார்கள். நீண்ட பட்டினிக்குப் பிறகு உணவு வந்ததும் ரத்தத்தில் உள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்களுக்குள் பாய்ந்து, ரத்தத்தில் அவற்றின் அளவு சரிந்துவிடும். இதயம் தாங்காது. ஊர்வன மருத்துவர்களும் இந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டார்கள்.

மறுபடி தாடி ஓணானிடம்

நாம் பேசும் இனத்துக்கு, போகோனா விட்டிசெப்ஸ், 1926-ல் அறிவியல் பெயர் வைத்தவர் எர்ன்ஸ்ட் ஆல் என்ற ஜெர்மானியர். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடுதான் அதன் ஊர். அங்கே காலையில் வேலிக்கம்பத்தில் ஏறி வெயில் காய்ந்து, உடம்பு சூடான பிறகுதான் இரை தேடப் போகும். வணிகத்துக்காகக் காட்டுயிர்களை வெளியே அனுப்புவதை ஆஸ்திரேலியா 1960-களிலேயே நிறுத்திவிட்டது. இன்று மற்ற நாடுகளில் வளர்பவை கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பிறந்தவை. ஊர் மாறிவிட்டது, உடம்பு இன்னும் அந்த வேலிக்கம்பத்துக் கணக்கில்தான் ஓடுகிறது. 2010-ல் நெதர்லாந்தில் இளம் தாடி ஓணான்களை வைத்துச் செய்த ஆய்வில், வாய்வழியாகக் கொடுத்த வைட்டமின் டி3 புற ஊதா விளக்குக்கு ஈடாகவில்லை. ப்ராக்டரின் கண்ணாடி சரிதான்.

இத்தனையும் சேர்ந்துதான் இன்றைய வரிசை. முதலில் மருத்துவர்: வாய், மலம், எடை, நோய் உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்ப்பது. இரண்டாவது வெப்பம்: வெயில் காயும் இடத்தில் ஏறத்தாழ 40 டிகிரி, மறு மூலையில் 25 பக்கம், நகர்ந்து தேர்ந்துகொள்ள இடம். மூன்றாவது நீர்: மூக்கு நுனியில் சொட்டுச் சொட்டாக விட்டால் நக்கிக் குடிக்கும், ரொம்ப வற்றியிருந்தால் மருத்துவர் ஊசி மூலம் ஏற்றுவார். நாலாவதுதான் உணவு: மருத்துவர் சொன்ன அளவில் நீர்த்த கஞ்சி மாதிரியான மீட்பு உணவு, ஊசியில்லாத சிரிஞ்சில், கொஞ்சம் கொஞ்சமாக. பிறகு பட்டுப்புழு மாதிரி மென்மையான, நெளியும் இரை. அசைவைப் பார்த்தால்தான் அதற்கு வேட்டை ஞாபகம் வரும். கடைசியில் கீரை. நடுவில் சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்துக்கொண்டே வரவேண்டும், ஏனென்றால் பசி திரும்புவது முதலில் எண்ணில்தான் தெரியும். ஆரோக்கியமான பெரிய ஓணான் குளிர்காலத்தில் வாரக்கணக்கில் தூங்கிச் சாப்பிடாமல் இருப்பதும் உண்டு. எடை குறையாத பட்டினியையும் எடை குறையும் பட்டினியையும் பிரித்துக் காட்டுவது அந்தத் தராசுதான்.

யாராவது தாடி ஓணான் வளர்க்கிறார்கள் என்றால் ஒரு விஷயம் சொல்லிவையுங்கள். புற ஊதா விளக்கு பழசானாலும் பளிச்சென்று எரிந்துகொண்டேதான் இருக்கும். உள்ளே அந்தக் கதிர் மட்டும் மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே போகும், நம் கண்ணுக்குத் தெரியாது. சர்வர் 'பிங்' அடித்தால் பதில் தரும், சர்வீஸ் செத்துக் கிடக்கும் என்பது மாதிரிதான். ஓணான் சாப்பிடவில்லை என்றால் வாயைத் திறந்து பார்ப்பதற்கு முன்னால், அந்த விளக்கை எப்போது மாற்றினோம் என்று பாருங்க.