மீண்டும் ஒலித்த யாழ்

பரங்கிப்பேட்டையினின்று வெள்ளாற்றைக் கடந்தால் சிதம்பரம். அங்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1931-ஆம் ஆண்டு தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்த விபுலாநந்த அடிகள், ஈழத்துக் காரைதீவில் பிறந்தவர், விஞ்ஞானப் பட்டதாரி. மறைந்துபோன யாழை மீட்க அவர் முற்பட்டார்.

யாழில் நரம்பு ஒன்றுக்கு இசை ஒன்றே. வீணையிற்போல மெட்டின்மேல் நரம்பை இழுத்துக் கமகம் காட்ட இயலாது. அது வழக்கொழிய இதுவும் ஒரு காரணமென்பேன். பார்த்துச் செய்யப் பழைய கருவி ஒன்றேனும் எஞ்சவில்லை. எனவே, சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் யாழாசிரியனைப் பற்றிய 25 அடிகளையே பற்றுக்கோடாகக் கொண்டு, நரம்புகளின் சுருதி அளவுகளைக் கணிதத்தால் வகுத்தார்.

1947 ஜூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அவரது ‘யாழ் நூல்’ அரங்கேறியது. அவர் கணக்கின்படி அமைந்த யாழை இசைவாணர் க. பொ. சிவானந்தம் மீட்டினார். நோயால் நலிந்திருந்த அடிகள் அதனைக் கேட்டார். ஜூலை 19-இல் மறைந்தார்.